9.75 லட்சம் காரு 11.85 லட்சம் ஆகுறது எப்படி: வேரியன்ட், வரி, ஆட்ஆன் பத்தி ஒரு விளக்கம்

2025 செப்டம்பர் 22ல ஜிஎஸ்டி மாறுனதுல இருந்து கார் விலை பத்தி ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. சின்ன காருக்கு 18 சதவீதம், பெரிய காருக்கு 40 சதவீதம்னு நியூஸ்ல வந்துச்சு, 40ன்னு காதுல விழுந்ததும் ஐயோ விலை ஏறிடுச்சு போலன்னு நெனச்சவங்க நெறைய. சரி விலை கொறைஞ்சிருக்கேன்னு ஷோரூமுக்குப் போனா, விளம்பரத்துல 9.75 லட்சம்னு போட்ட காருக்கு கொட்டேஷன் 11.85 லட்சத்துல வந்து நிக்குது. நடுவுல இருக்குற அந்த 2.10 லட்சத்துல எது சட்டப்படி கட்டியே ஆகணும், எது நம்ம விருப்பம், எத சிரிச்சுகிட்டே வேணாம்னு சொல்லலாம்னு தெரியணும்னா அடியில இருந்து ஆரம்பிக்கணும்.

முதல்ல ஜிஎஸ்டி: சின்ன காருன்னா எது?

நம்ம கண்ணுக்கு சின்னதா தெரியுறதெல்லாம் வரிக் கணக்குல சின்ன கார் இல்ல. ரெண்டு கண்டிஷன் இருக்கு, ரெண்டும் சேந்து பாஸ் ஆகணும்.

1. நீளம் 4 மீட்டருக்குள்ள இருக்கணும்.
2. இன்ஜின் பெட்ரோல், சிஎன்ஜின்னா 1200 சிசிக்குள்ள, டீசல்னா 1500 சிசிக்குள்ள இருக்கணும்.

இதுல பாஸ் ஆனா 18 சதவீதம். முன்னாடி இதே காருக்கு 28 சதவீதத்துக்கு மேல செஸ்ங்குற கூடுதல் வரி 1 இல்ல 3 சதவீதம் சேந்து 29, 31ன்னு இருந்துச்சு. பாஸ் ஆகலன்னா 40 சதவீதம், ஆனா முன்னாடி இந்த வகைக்கு செஸ்ஸெல்லாம் சேத்து 45ல இருந்து 50 வரைக்கும் போட்டுட்டு இருந்தாங்க, இப்ப செஸ் கிடையாது, அதனால 40ங்குறது ஏத்தம் இல்ல, இறக்கம்தான். மின் காருக்கு முன்னாடியும் 5, இப்பவும் 5.

இந்த ரெண்டு கண்டிஷனும் எப்படி வேல செய்யுதுன்னு பாக்க நல்ல உதாரணம் டாடா நெக்ஸானும் மாருதி பிரெஸ்ஸாவும். ரெண்டுமே 3995 மில்லிமீட்டர் நீளம், பக்கத்துல பக்கத்துல நிறுத்துனா மூக்கு ஒரே கோட்டுல நிக்கும். நெக்ஸான் பெட்ரோல் 1199 சிசி, அது 18க்குள்ள வந்துடுது, டீசலும் 1497 சிசி, அதுவும் உள்ள வந்துடுது. பிரெஸ்ஸா 1462 சிசி பெட்ரோல், நீளத்துல பாஸ், சிசியில ஃபெயில், 40 சதவீதம். இதனால பிரெஸ்ஸா மோசமான கார்னு அர்த்தம் இல்ல, வரி போக அந்த விலைக்குள்ள நமக்கு வர்ற பொருளோட மதிப்பு எவ்ளோங்குறத கணக்கு போட்டுப் பாக்கணும், அவ்ளோதான்.

எக்ஸ் ஷோரூம் டு ஆன்ரோடு: நடுவுல என்ன நடக்குது

எக்ஸ் ஷோரூம் விலைன்னா ஜிஎஸ்டி சேந்த விலை, கார் ஷோரூம் வாசல்ல நிக்குற வரைக்கும். ஆன்ரோடுன்னா நம்பர் பிளேட்டோட ரோட்டுல இறங்குற விலை. தமிழ்நாட்டுல லோன் போட்டு ஒரு 9.75 லட்சம் கார் எடுக்குறோம்னு வச்சுக்குவோம், கொட்டேஷன் கிட்டத்தட்ட இப்படி இருக்கும் (முதல் ரெண்டு ஐட்டம் தவிர மத்ததெல்லாம் உத்தேசம்தான், காருக்கு கார் மாறும்):

1. எக்ஸ் ஷோரூம்: 9,75,000
2. ஆயுள் வரி (ரோடு டாக்ஸ்) 13 சதவீதம்: 1,26,750
3. ஆட்ஆன் (கூடுதல் கவர்) எல்லாம் சேத்து இன்சூரன்ஸ்: 45,000
4. எக்ஸ்டெண்டட் வாரண்டி: 15,000
5. ஆக்சஸரீஸ் பேக்: 20,000
6. ரெஜிஸ்ட்ரேஷன், ஹைப்பாதிகேஷன், ஃபாஸ்டேக் இன்னபிற: 4,000

மொத்தம் 11,85,750. இதுல 2ல கை வைக்க முடியாது, 1 டீலர் தள்ளுபடி குடுத்தாதான் கொறையும். 6ல ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் 600, லோன் இருந்தா அத ஆர்சி புக்குல பதியுற ஹைப்பாதிகேஷனுக்கு 1500, இதெல்லாம் நிர்ணயிச்ச கட்டணம். 3ல ஒரு பகுதி கட்டாயம், மிச்சம் விருப்பம். 4, 5 முழுக்க விருப்பம். சில கொட்டேஷன்ல "ஹேண்ட்லிங் சார்ஜ்", "லாஜிஸ்டிக்ஸ்", "டெப்போ சார்ஜ்"னு ஒரு ஐட்டம் 5 ஆயிரம் 10 ஆயிரம்னு தனியா உக்காந்திருக்கும், அது எந்த அரசாங்கக் கட்டணமும் இல்ல, எதுக்குன்னு எழுத்துல கேளுங்க, பெரும்பாலும் கேட்ட உடனே காணாம போயிடும்.

பத்து லட்சம்ங்குற பள்ளம்

இந்தக் கட்டுரைல ஒரே ஒரு விஷயம் மட்டும் எடுத்துட்டுப் போறதா இருந்தா இத எடுத்துட்டுப் போங்க. 2023 நவம்பர்ல தமிழ்நாடு ஆயுள் வரிய மாத்துச்சு. 5 லட்சம் வரைக்கும் 12 சதவீதம், 5 டு 10 லட்சம் 13, 10 டு 20 லட்சம் 18, அதுக்கு மேல 20. வருமான வரி மாதிரி மேல போற தொகைக்கு மட்டும் கூடுதல் சதவீதம்னு நெனச்சுடாதீங்க, முழு விலைக்கும் அந்த சதவீதம்.

அப்போ இப்படி ஆகுது. ஒரு காரோட நடு வேரியன்ட் 9.95 லட்சம், அதுக்கு மேல் வேரியன்ட் சன்ரூஃபோட 10.20 லட்சம். சேல்ஸ்மேன் சொல்லுவார், "சார் வெறும் 25 ஆயிரம்தான் வித்தியாசம், சன்ரூஃப் கிடைக்குது, ரீசேல்லயும் நல்லா போகும்". கணக்க பாப்போம்.

1. 9.95 லட்சத்துக்கு 13 சதவீதம்: 1,29,350
2. 10.20 லட்சத்துக்கு 18 சதவீதம்: 1,83,600
3. வரில மட்டும் வித்தியாசம்: 54,250
4. விலை வித்தியாசத்தோட சேத்தா: 79,250

இதுக்கு மேல 10 லட்சம் தாண்டுன காருக்கு 1 சதவீதம் டிசிஎஸ், அதாவது விக்குறப்பவே முன்கூட்டி வசூலிக்குற வருமான வரி பிடிப்பாங்க, 10,200 ரூபா. அது ரிட்டர்ன் தாக்கல் பண்றப்ப வரில கழிச்சுக்கலாம், இல்லன்னா ரீஃபண்ட் வரும், ஆனா இப்போதைக்கு கையில இருந்து போற காசுதான், ரிட்டர்னே போடாதவங்களுக்கு போனது போனதுதான். ஆக அந்த சன்ரூஃபுக்கு நீங்க குடுக்குறது 25 ஆயிரம் இல்ல, அன்னிக்கு கையில இருந்து போறது 89,450. இன்சூரன்ஸ் கூடுறத இன்னும் சேக்கவே இல்ல. ஜிஎஸ்டி கொறைஞ்சதுல நெறைய வேரியன்ட்டுங்க 10 லட்சத்துக்கு மேல இருந்து கீழ எறங்கியிருக்கு, அதனால ஜிஎஸ்டி மாறுறதுக்கு முன்னாடி யாரோ சொன்ன கணக்க வச்சு முடிவெடுக்காம உங்களுக்குப் புடிச்ச மாடலோட எல்லா வேரியன்ட் விலையையும் இப்ப ஒரு தடவ பாத்து 10 லட்சம் கோடு எங்க விழுதுன்னு பாத்துக்குங்க. 20 லட்சத்துலயும் இதே மாதிரி ஒரு பள்ளம் இருக்கு, 18ல இருந்து 20, அங்க ஆழம் கொஞ்சம் கம்மி.

இன்னொண்ணும் இதுல ஒளிஞ்சிருக்கு. கம்பெனியே ஃபிட் பண்ணி வர்ற ஃபீச்சருக்கு ஆயுள் வரியும் சேந்து விழுது, ஏன்னா அது கார் விலைக்குள்ள இருக்கு. பின்னாடி தனி பில்லுல போடுற சீட் கவர், கேமரா, ஸ்பீக்கருக்கு ஜிஎஸ்டி மட்டும்தான். அதனால பின்னால போட்டுக்க முடியுற பொருளுக்காக வேரியன்ட் ஏறுறது காசுக் கணக்குல பெரும்பாலும் நஷ்டம், பின்னால போடவே முடியாத பொருளுக்காக ஏறுறது நியாயம்.

தேவை: கிலோமீட்டர்ல இருந்து ஆரம்பிங்க

என்ன கார் வாங்கலாம்னு கேக்குறவங்ககிட்ட மாசம் எத்தன கிலோமீட்டர் ஓட்டுவீங்கன்னு கேட்டா பாதிப் பேருக்கு பதில் இருக்காது. இருக்குற பைக்கோ பழைய காரோ அதோட ஓடோமீட்டர ஒரு மாசம் குறிச்சு வச்சாலே போதும்.

1. டீசலா பெட்ரோலா: பெட்ரோல் லிட்டர் 101, டீசல் 92, பெட்ரோல் கார் 15 மைலேஜ், டீசல் கார் 20 மைலேஜ்னு வச்சுக்குவோம். கிலோமீட்டருக்கு பெட்ரோல் 6.73, டீசல் 4.60, மிச்சம் 2.13 ரூபா. டீசல் வேரியன்ட் 1.25 லட்சம் கூட விலை, அதுக்கு 13 சதவீத ஆயுள் வரியும் சேத்தா 1.41 லட்சம். அந்தக் காச எடுக்க 66 ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டணும். வருஷம் 10 ஆயிரம் ஓட்டுறவருக்கு ஆறரை வருஷம் ஆகும். மாசம் ரெண்டு தடவ சென்னை டு திருநெல்வேலி போயிட்டு வர்றவருக்கு ரெண்டே கால் வருஷத்துல எடுத்துடலாம். டீசல் வேரியன்ட் 10 லட்சம் கோட்டத் தாண்டுச்சுன்னா இந்தக் கணக்கும் மாறிடும், மேல சொன்ன பள்ளம்தான்.

காச விடுங்க, டீசல்ல இன்னொரு சிக்கல் இருக்கு. 2020 ஏப்ரல்ல பிஎஸ்6ங்குற புகை விதி வந்ததுக்கு அப்புறம் டீசல் காருல புகைக்கரிய புடிச்சு வைக்குற ஒரு ஃபில்டர் இருக்கு, டிபிஎஃப்னு சொல்லுவாங்க. புடிச்ச கரிய எரிச்சு சுத்தம் பண்ண அதுக்கு நல்ல சூடு வேணும், அந்த சூடு ஹைவேல கொஞ்ச நேரம் விடாம ஓட்டுனாதான் வரும். வீட்டுல இருந்து ஸ்கூல், ஸ்கூல்ல இருந்து மார்க்கெட்னு மூணு நாலு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துற வண்டில ஃபில்டர் அடைச்சு லைட் எரியும், சர்வீஸ் சென்டருக்கு போகணும். சிட்டிக்குள்ள மட்டும் ஓட்டுறவங்க டீசல் வாங்குறதுல எனக்கு நியாயமே தெரியல.

2. சிஎன்ஜி: கிலோமீட்டர் செலவு கம்மி, ஆனா டிக்கிய சிலிண்டர் புடிச்சுக்கும். டாடா 2023ல இருந்து ரெண்டு சின்ன சிலிண்டர டிக்கி தரைக்குக் கீழ படுக்க வச்சு கொஞ்சம் இடம் மிச்சம் புடிக்குது. சிலிண்டர மூணு வருஷத்துக்கு ஒரு தடவ டெஸ்ட் பண்ணணும். எல்லாத்துக்கும் முன்னாடி உங்க ஏரியா பங்க்ல சாயங்காலம் கியூ எவ்ளோ நிக்குதுன்னு நேர்ல போய்ப் பாருங்க.

3. மின் கார்: வீட்டுல சொந்த பார்க்கிங்கும் சார்ஜிங் பாயிண்டும் இருந்தா யோசிக்கலாம், அபார்ட்மென்ட்ல இருக்குறவங்க அசோசியேஷன்ல அனுமதி வாங்கிட்டு அப்புறம் புக் பண்ணுங்க, வாங்கிட்டு அனுமதி கேக்காதீங்க. ஒரு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் போகும்னு வச்சா மாசம் 1000 கிலோமீட்டருக்கு 140 யூனிட் சொச்சம், ரெண்டு மாச பில்லுல 280 யூனிட் கூடும். நம்ம ஊர்ல கரண்ட் பில் ஸ்லாப் முறைங்குறதால அந்தக் கூடுதல் யூனிட்டெல்லாம் மேல் ஸ்லாப் ரேட்டுல விழும், சராசரி ரேட்ட வச்சு கணக்கு போட்டா தப்பா வரும். யூனிட் 10 ரூபான்னே வச்சாலும் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாதான், அது உண்மை. மின் காருக்கு தமிழ்நாடு ஆயுள் வரி விலக்கு குடுத்துட்டு வருது, அதுக்கு காலக்கெடு வச்சு நீட்டிக்குறாங்க, நீங்க ரெஜிஸ்டர் பண்ற தேதில உண்டான்னு உறுதி பண்ணிக்குங்க.

பேட்டரி வாடகைத் திட்டம்னு ஒண்ணும் இருக்கு. எம்ஜி விண்ட்சர் 2024 செப்டம்பர்ல 9.99 லட்சத்துக்கு வந்தப்ப அந்த விலைல பேட்டரி கிடையாது, பேட்டரிக்கு கிலோமீட்டருக்கு 3.5 ரூபா தனியா. கரண்ட் செலவு ஒன்றரையோட சேத்தா 5 ரூபா, அதாவது மேல சொன்ன டீசல் செலவையும் தாண்டிடுது. கம்மியா ஓட்டுறவங்களுக்கு இந்தத் திட்டம் சரியா வரலாம், மாசத்துக்கு குறைஞ்சபட்ச கிலோமீட்டர் கட்டணும்னு ஷரத்து இருக்கான்னு படிச்சுட்டு கையெழுத்து போடுங்க.

4. எத்தன பேரு: வருஷத்துக்கு ரெண்டு தடவ ஊருக்கு ஏழு பேர் போறோம்னு ஏழு சீட்டு வண்டி வாங்குறது நம்ம வழக்கம். அந்த ரெண்டு தடவைக்கு வாடகை வண்டி எடுத்தா ஆகுற செலவ ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க.

வேரியன்ட்: பின்னால போட முடியாதது எது?

வேரியன்ட் லிஸ்ட்ட ரெண்டா பிரிங்க. பின்னால போடவே முடியாதது ஒரு பக்கம், எப்ப வேணா போட்டுக்கலாம்ங்குறது இன்னொரு பக்கம்.

பின்னால போட முடியாதது: இன்ஜின், கியர்பாக்ஸ், ஏர்பேக் எண்ணிக்கை, வண்டி வழுக்குறப்ப சக்கரத்துக்கு சக்கரம் தனியா பிரேக் போட்டு நேராக்குற இஎஸ்சி, நாலு சக்கரத்துலயும் டிஸ்க், குழந்தை சீட் மாட்டுற ஐசோஃபிக்ஸ் கொக்கி, பின் சீட்டுல நடுவுல உக்காருறவருக்கு மூணு முனை பெல்ட், பின் சீட் ஏசி வென்ட், டிரைவர் சீட் உயரம் மாத்துறது. குள்ளமா இருக்குறவங்க ஓட்டுற வண்டின்னா இந்தக் கடைசி ஐட்டம் ரொம்ப முக்கியம், யாரும் கண்டுக்குறது இல்ல.

போட்டுக்கலாம்ங்குறது: டச் ஸ்கிரீன், ஸ்பீக்கர், ரிவர்ஸ் கேமரா, அலாய் வீல், சீட் கவர், மேட், ஃபாக் லேம்ப், டேஷ் கேமரா.

2022 செப்டம்பர்ல டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி பால்கர்கிட்ட நடந்த விபத்துல பின் சீட்டுல பெல்ட் போடாம இருந்து இறந்தப்ப நாடே பின் சீட் பெல்ட் பத்தி பேசுச்சு, அதுக்கு அப்புறம் பழையபடிதான். பாரத் என்கேப்ங்குற நம்ம நாட்டு கிராஷ் டெஸ்ட் 2023 அக்டோபர் 1ல இருந்து நடக்குது, கம்பெனிங்க விருப்பப்பட்டு குடுக்குறதுதான், கட்டாயம் இல்ல. அதுல பெரியவங்களுக்கு ஒரு ஸ்டாரும் குழந்தைகளுக்கு ஒரு ஸ்டாரும் தனித்தனியா வரும், விளம்பரத்துல எது பெருசோ அதத்தான் போடுவாங்க. வீட்டுல சின்னப் புள்ளைங்க இருந்தா ரெண்டாவத தேடிப் பாருங்க.

ஆட்டோமேட்டிக் கியர் வேணும்னா அதுல நாலு வகை: ஏஎம்டி (சாதா கியர்பாக்ஸையே மோட்டார் வச்சு தானா மாத்துறது) விலை கம்மி, மைலேஜ் குறையாது, ஆனா கியர் மாறுறப்ப ஒரு தலையாட்டல் இருக்கும், சிவிடி வழுவழுன்னு போகும், டார்க் கன்வெர்ட்டர் பழைய நம்பகமான ஆளு, டூயல் கிளட்ச் வேகமா மாத்தும் ஆனா ஊர்ந்து போற டிராஃபிக்ல சூடாகுற தொல்லை சிலதுல உண்டு. அரை மணி நேரம் டிராஃபிக் இருக்குற ரோட்டுல டெஸ்ட் டிரைவ் கேளுங்க, ஷோரூம சுத்தி ஒரு ரவுண்டு போனா ஒண்ணும் தெரியாது.

ஆக்சஸரீஸ்: சட்டமும் வாரண்டியும் குறுக்க வர்ற இடம்

டீலருக்கு காருல நிக்குற லாபம் சின்னது, ஆக்சஸரீஸ்லயும் இன்சூரன்ஸ்லயும்தான் நல்லா நிக்கும், அதனாலதான் காசு கொறைங்கன்னு கேட்டா "20 ஆயிரத்துக்கு ஆக்சஸரீஸ் ஃப்ரீ"ன்னு வரும். காசாவே கொறைக்கச் சொல்லுங்க, அந்தப் பொருளுங்க வெளில என்ன விலைன்னு பாத்தா ஏன்னு புரியும்.

1. சீட் கவர்: சைடு ஏர்பேக் பல காருல சீட்டோட ஓரத்துக்குள்ளதான் இருக்கு. மொத்தமா இழுத்துக் கட்டி தைக்குற கவர் அது விரியுற வழிய அடைச்சுடும். ஏர்பேக் வர்ற ஓரத்துல பிரியுற மாதிரி தையல் இருக்குற கவர்தான் போடணும். ஆறு ஏர்பேக்குக்காக வேரியன்ட் ஏறிட்டு அதுல ரெண்ட கவர் போட்டு மூடுறது நடக்குது.
2. முன்னாடி கம்பி: புல் பார், கிராஷ் கார்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி கூடாதுன்னு மத்திய அரசு 2017 டிசம்பர்லயே சொல்லிடுச்சு. நடந்து போறவங்களுக்கு ஆபத்து, உள்ள இருக்குறவங்களுக்கும் சென்சார் சரியான நேரத்துல அடிய உணராம ஏர்பேக் லேட்டாகலாம்.
3. கறுப்பு ஃபிலிம்: 2012 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்ததுல இருந்து போலீஸ் நிறுத்துனா ஃபைன்தான். கண்ணாடி தன்னோட அளவுல முன்னாலயும் பின்னாலயும் 70 சதவீதம், பக்கவாட்டுல 50 சதவீதம் வெளிச்சம் விடணும்.
4. வயர வெட்டிப் போடுற எதுவும்: வெளில லைட், ஹாரன், மியூசிக் சிஸ்டம் போடுறப்ப கம்பெனி வயரிங்க வெட்டி ஒட்டுனா எலக்ட்ரிக்கல் வாரண்டி போச்சு. கப்ளர்ல சொருகுற மாதிரி கிட் மட்டும் போடுங்க.
5. கோட்டிங் வகையறா: டெஃப்லான், செராமிக், அண்டர்பாடி. கடலோர ஊர்ல இருக்குறவங்க அண்டர்பாடி பத்தி யோசிக்கலாம். மத்ததெல்லாம் பளபளப்பு ஆசைதான், ஆசைப்பட்டா வெளில விலை கேட்டுப் போடுங்க.

பின்னால போட்ட விலை கூடுன பொருள இன்சூரன்ஸ்ல சொல்லலன்னா அது போனா காசு வராது. எலக்ட்ரிக்கல் ஆக்சஸரீஸ்க்கு அதோட மதிப்புல 4 சதவீதம் பிரீமியம் கட்டி தனியா சேக்கலாம்.

இன்சூரன்ஸ் ஆட்ஆன்: எது எதுக்கு

கட்டாயம் எதுன்னா தேர்ட் பார்ட்டி. நம்மளால அடுத்தவங்களுக்கு வர்ற சேதத்துக்கானது. 2018 செப்டம்பர்ல இருந்து புது காருக்கு மூணு வருஷத்துக்கு சேத்தே கட்டணும், பைக்குக்கு அஞ்சு வருஷம். 2022 ஜூன்ல நிர்ணயிச்ச ரேட்டுப்படி மூணு வருஷத்துக்கு 1000 சிசி வரைக்கும் 6,521, 1500 வரைக்கும் 10,640, அதுக்கு மேல 24,596. இது எந்தக் கம்பெனில எடுத்தாலும் ஒரே விலை. ஓனர் டிரைவருக்கு 15 லட்சம் விபத்து கவரும் கட்டாயம், ஆனா உங்க இன்னொரு வண்டிலயோ தனிப் பாலிசியிலயோ ஏற்கனவே அந்த அளவு கவர் இருந்தா மறுபடி வாங்க வேணாம், கொட்டேஷன்ல அத எடுக்கச் சொல்லலாம்.

நம்ம வண்டி சேதத்துக்கான ஓன் டேமேஜ்தான் கம்பெனிக்கு கம்பெனி விலை மாறுற பகுதி. டீலர்கிட்டதான் எடுக்கணும்னு எந்தச் சட்டமும் இல்ல. வெளில ஒரு கொட்டேஷன் வாங்கிட்டு வந்து காட்டுனா டீலர் ரேட்டும் எறங்கும், ஆனா ரெண்டுலயும் ஐடிவி ஒண்ணா இருக்கான்னு பாருங்க. ஐடிவின்னா வண்டி முழுசா போனா கிடைக்குற உச்சத் தொகை. புது காருக்கு எக்ஸ் ஷோரூம்ல 5 சதவீதம் கழிச்சது. ஐடிவிய கொறைச்சு பிரீமியம் கம்மின்னு காட்டுறது பழைய வித்தை.

இனி ஆட்ஆன்.

1. ஜீரோ டெப்: பம்பர் டு பம்பர்னு சொல்றது இதத்தான். சாதா பாலிசில பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரிக்கு 50 சதவீதம் தேய்மானம்னு கழிச்சுதான் குடுப்பாங்க. 12 ஆயிரம் ரூபா பம்பர் மாத்துனா 6 ஆயிரம், அதுல நம்ம கட்ட வேண்டிய 1000 போக 5 ஆயிரம் வரும். ஜீரோ டெப் இருந்தா 11 ஆயிரம் வரும். இப்ப வர்ற காருல முன்னாடி பின்னாடி எல்லாமே பிளாஸ்டிக்தான், அதனால முதல் அஞ்சு வருஷம் இத எடுக்கலாம்ங்குறதுதான் என் கருத்து. வருஷத்துக்கு எத்தன கிளெய்ம்னு லிமிட் இருக்கான்னு பாருங்க.

2. இன்ஜின் புரொடெக்ட்: சென்னைக்காரங்களுக்கு இது விருப்பமே இல்ல, அவசியம். 2015 டிசம்பர் வெள்ளத்துலயும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் தண்ணில நின்ன காருங்களுக்கு கிளெய்ம் போட்டப்ப பலருக்கு இது புரிஞ்சுச்சு. வெள்ள சேதம் சாதா பாலிசிலயே கவர்தான், ஆனா தண்ணி உள்ள போன இன்ஜின ஸ்டார்ட் பண்ணி பிஸ்டன் ராடு வளைஞ்சா அது வெள்ளத்தால இல்ல, நீங்க ஸ்டார்ட் பண்ணதால வந்த பின்விளைவுன்னு தள்ளிடுவாங்க. இந்த ஆட்ஆன் அதத்தான் கவர் பண்ணுது. தண்ணில நின்ன வண்டில சாவிய தொடாம கட்டி இழுத்துட்டுப் போகணும், ஆட்ஆன் இருந்தாலும்.

3. ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்: வண்டி திருட்டுப் போனாலோ ரிப்பேர் செலவு ஐடிவில 75 சதவீதத்த தாண்டுனாலோ ஐடிவிக்கு பதிலா வாங்குன விலைய குடுக்குறது. ஆயுள் வரி 18 சதவீதம் கட்டுற மாநிலத்துல இதுக்கு மதிப்பு கூட. 10.20 லட்சம் காருக்கு வரியோட 12.04 லட்சம் போட்டிருக்கோம், ரெண்டாவது வருஷம் ஐடிவி 20 சதவீதம் கழிஞ்சு 8.16 லட்சம், வித்தியாசம் 3.88 லட்சம். ஆனா எல்லாக் கம்பெனியும் ஆயுள் வரியையும் சேத்து தர்றது இல்ல, வார்த்தைய படிச்சுப் பாக்கணும். மூணு வருஷம் வரைக்கும் எடுக்கலாம், லோன் பெருசா இருந்தா கண்டிப்பா.

4. கன்ஸ்யூமபிள்ஸ்: ஆயில், நட்டு போல்ட், கூலண்ட். விலை கம்மி, இன்ஜின் புரொடெக்ட்டோட சேத்து எடுத்தா பிரயோஜனம்.

5. சாவி, டயர், ரோடுசைடு அசிஸ்டன்ஸ்: ரோடுசைடு பல கம்பெனி வாரண்டிலயே சேந்து வருது, ஒரே சேவைக்கு ரெண்டு தடவ காசு.

என்சிபிய மறக்காதீங்க. கிளெய்ம் போடாத வருஷத்துக்கு 20, 25, 35, 45, 50ன்னு ஏறுற தள்ளுபடி அது, வண்டிக்கு இல்ல, ஆளுக்கு. பழைய கார வித்துட்டு புதுசு எடுக்குறவங்க பழைய இன்சூரன்ஸ் கம்பெனில சான்றிதழ் வாங்கி புது காரோட ஓன் டேமேஜ் பிரீமியத்துல கழிச்சுக்கலாம். நீங்க கேக்கலன்னா யாரும் சொல்ல மாட்டாங்க.

லோன்ல கரைஞ்சு போற ஆட்ஆன்

"இஎம்ஐல 800 ரூபாதான் கூடும் சார்"ங்குற வாக்கியம் எல்லா ஆட்ஆனையும் வித்துடும். 9 சதவீத வட்டி, 7 வருஷம், 50 ஆயிரம் ரூபா ஆட்ஆன்னா மாசம் 804, மொத்தம் 67,500 சொச்சம். சீட் கவர் கிழிஞ்சு தூக்கிப் போட்ட அப்புறமும் அதுக்கு வட்டி ஓடும். ஆக்சஸரீஸ், வாரண்டி, இன்சூரன்ஸ் மூணையும் லோனுக்கு வெளில கையில கட்டுங்க.

காலத்தையும் பாருங்க. 8 லட்சம் லோன் 9 சதவீதத்துல 5 வருஷம்னா இஎம்ஐ 16,607, மொத்த வட்டி 1.96 லட்சம். 7 வருஷம்னா இஎம்ஐ 12,871, வட்டி 2.81 லட்சம். 7 வருஷத்துக்கு இழுத்தாதான் மேல் வேரியன்ட் வாங்க முடியும்னா பட்ஜெட்டுக்கு கீழ் வேரியன்ட்தான் சரி.

எக்ஸ்டெண்டட் வாரண்டிய அன்னிக்கே எடுக்கணும்னு அவசரப்படுத்துவாங்க. பெரும்பாலான கம்பெனில ஒரிஜினல் வாரண்டி முடியுறதுக்குள்ள எப்ப வேணா எடுக்கலாம், லேட்டாக ஆக விலை ஏறும், அவ்ளோதான். டர்போ, ஆட்டோமேட்டிக், எலக்ட்ரானிக்ஸ் நெறைய இருக்குற வண்டிக்கு எடுங்க, மூணு நாலு வருஷத்துல மாத்துற பழக்கம் இருக்குறவங்க விட்டுடலாம்.

பணம் முழுசா கட்டுறதுக்கு முன்னாடி

ரெஜிஸ்ட்ரேஷன் ஆன வண்டிய திருப்பிக் குடுக்குறது கிட்டத்தட்ட நடக்காத காரியம், அதனால இதெல்லாம் அதுக்கு முன்னாடி.

1. கொட்டேஷன் வரி வரியா எழுத்துல, கட்டாயம் எது விருப்பம் எதுன்னு பிரிச்சு.
2. உங்களுக்கு ஒதுக்குன வண்டியோட சேசிஸ் நம்பர வாங்கி, அது எந்த மாசம் எந்த வருஷம் தயாரிச்சதுன்னு கேட்டு, நேர்ல போய் அதே வண்டியப் பாருங்க. போன வருஷ தயாரிப்புன்னா விலைல கணிசமா கொறைக்கச் சொல்லலாம்.
3. டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும், முதல் ரெண்டு வாரம், கடைசி ரெண்டு வருஷம். 3225ன்னா 2025ல 32வது வாரம். அஞ்சு டயருக்கும் தேதி ரொம்ப தள்ளி இருந்தா ஏன்னு கேளுங்க.
4. இன்சூரன்ஸ் பாலிசில பேர், சேசிஸ் நம்பர், ஐடிவி, காசு கட்டுன ஒவ்வொரு ஆட்ஆன் பேரும் அச்சாகியிருக்கா. ஜீரோ டெப்புக்கு காசு வாங்கிட்டு பாலிசில அந்த வரியே இல்லாம வர்றது உண்டு, டெலிவரி அன்னிக்கு மாலை போட்டு ஃபோட்டோ எடுக்குற சந்தோஷத்துல யாரும் பாக்குறது இல்ல, ஆறு மாசம் கழிச்சு பம்பர் உடைஞ்சு ஒர்க்‌ஷாப்ல நிக்குறப்பதான் தெரியவரும்.